சந்தையை மாற்றலாமா? ஒரு பேரூரின் கருத்துக் கணிப்பு: நிகழ்வு ஆய்வு

எங்களுடையது ஈரோட்டுக்கும் கோபிக்கும் இடையே உள்ள ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சந்தைப் பேச்சு இன்னும் ஆறவில்லை. சந்தையை மாற்றச் சொல்லும் நோட்டில் கையெழுத்துப் போட்டவர்களும் போடாதவர்களும் தினமும் ஒரே பேக்கரியில் நின்று டீ குடிக்கிறவர்கள்.

வாரச் சந்தை ஊர் நடுவே, மாரியம்மன் கோயிலுக்கு எதிர் மைதானத்தில் கூடுகிறது. சந்தை நாளில் கடைவீதியில் பஸ் நகராது, ஆம்புலன்ஸ்கூட நின்று நின்றுதான் போகும். அதனால் சந்தையைப் புறவழிச்சாலை ஓரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு எழுந்தது. கடைவீதி வியாபாரிகள் கடைக்குக் கடை ஒரு நோட்டை வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் வாக்கெடுப்பு ஓடியது. கையெழுத்துகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன. வாட்ஸ்அப்பில் கிட்டத்தட்ட எல்லாருமே ‘மாற்றலாம்’ என்றிருந்தார்கள்.

“ஊரே சொல்லிப்போட்டுதுங்க சார், இனி எண்ணிப் பார்க்க என்ன இருக்குது?” என்றார் வியாபாரி ஒருவர்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ‘ஊரே’ என்ற அந்த ஒரு சொல் எனக்குள் நெருடிக்கொண்டே இருந்தது. மூன்றாமாண்டு மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு, அதே கேள்வியை முறைப்படி ஊரிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதில் நாங்கள் செய்தது, தவறியது, கண்டது ஆகியவையே இந்தக் கட்டுரை.

நோட்டில் யார் இருந்தார்கள்

முதலில் அந்த நோட்டுகளைத்தான் வாங்கிப் பார்த்தோம். வியாபாரிகள் யாரையும் ஏமாற்றவில்லை. மறுத்தவர்களின் பெயரை அடிக்கவும் இல்லை, பொய்க் கையெழுத்தும் போடவில்லை. ஆனால் பகல் பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையே கடைவீதிக்கு வந்தவர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூர் போய், கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு திரும்பும் பெண்கள் அதில் இல்லை. இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் இல்லை. கடைக்கு மகனை அனுப்பிவிட்டு வீட்டோடு இருக்கும் வயசாளிகள் இல்லை. வாட்ஸ்அப் வாக்கெடுப்பு இன்னும் மோசம். நான்கு குழுவில் இருந்தவர் நான்கு முறை வாக்களித்திருந்தார். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு ஒரு வாக்கும் இல்லை.

நெரிசலால் அதிகம் துன்பப்படுகிறவர்கள் கடைவீதிக்காரர்கள்தான். ஆகவே அவர்களுடைய வாசலில் வைத்த நோட்டு அவர்களுடைய துன்பத்தைத்தான் காட்டும். அது உண்மையான துன்பம். ஆனால் ஊரின் கருத்து வேறு, கடைவீதியின் கருத்து வேறு.

1936-இல் அமெரிக்காவில் நடந்தது

வகுப்பில் இதை விளக்க எனக்கு எப்போதும் கைகொடுப்பது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகையின் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நோட்டில் இருந்த இரண்டு ஓட்டைகளும் அதில் அப்படியே இருக்கின்றன.

அந்த வார இதழ் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் வாக்காளர்களுக்கு அஞ்சலட்டை அனுப்பி, திரும்பி வந்தவற்றை எண்ணி முடிவைச் சொல்லிவந்தது. 1920, 1924, 1928, 1932 ஆகிய நான்கு தேர்தல்களிலும் வென்றவரைச் சரியாகச் சொன்னது. 1936-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து லாண்டன் நின்றபோது, ஏறத்தாழ 1 கோடி அட்டைகளை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீதம் வாங்கினார். லாண்டனுக்குக் கிடைத்தவை மேய்ன், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். பத்திரிகையின் பெயர் கெட்டது. 1938-இல் அது நின்றும் போனது.

அட்டைகள் யாருக்குப் போயின? தொலைபேசி வைத்திருப்போர் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் இருந்து எடுத்த பெயர்களே பெரும்பாலும். நாடே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலம் அது. வேலையில்லாதவன் வீட்டில் தொலைபேசி ஏது? அவன்தான் ரூஸ்வெல்ட்டை நம்பியவன்.

இதுவரை எல்லாரும் சொல்வது. இரண்டாவது ஓட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டை பெற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பதிலே எழுதவில்லை. ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்கள் அஞ்சல் பெட்டியைத் தேடிப் போய்ப் போட்டார்கள். திருப்தியாக இருந்தவர்கள் அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது, அட்டை பெற்ற எல்லாரும் பதில் எழுதியிருந்தால் அந்தக் கோணலான பட்டியலேகூட ரூஸ்வெல்ட் வெல்வார் என்று காட்டியிருக்கும் என்று தெரியவந்தது. யாரைக் கேட்டோம் என்பதோடு, கேட்டவர்களில் யார் வாய் திறந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

அதே தேர்தலில், கருத்துக் கணிப்பு நடத்திவந்த ஜார்ஜ் காலப் ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். அதோடு நிற்கவில்லை. பத்திரிகை அட்டை அனுப்பும் முன்பே, அதே மாதிரியான பட்டியல்களிலிருந்து 3,000 பேருக்கு மட்டும் எழுதிக் கேட்டு, அந்தப் பத்திரிகை என்ன முடிவை வெளியிடும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். லாண்டனுக்கு 56 என்று வரும் என்றார்; 57 என்று வந்தது. 23 லட்சம் அட்டைகள் சொன்ன தவற்றை 3,000 அட்டைகளே சொல்லிவிட்டன. எண்ணிக்கை கூடினால் கோணல் நிமிராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

ஆனால் காலப்பும் 1948 அதிபர் தேர்தலில் சறுக்கினார். அவருடைய ஆட்களுக்கு ஒதுக்கீடு கொடுக்கப்பட்டிருந்தது: இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயதில் இத்தனை பேர் என்று. அந்தக் கட்டங்களுக்குள் யாரைக் கேட்பது என்பது கேட்கப் போகிறவரின் விருப்பம். டூயி வெல்வார் என்று காலப், ரோப்பர், கிராஸ்லி ஆகிய கணிப்பாளர்கள் மூவருமே சொன்னார்கள்; ட்ரூமன் வென்றார். தேர்தலுக்குச் சில நாள் முன்பே கேட்பதை நிறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதன் கையில் இருந்தது பெரிய குறை. எங்கள் ஊரில் ஒரு மாணவனிடம் ‘நாற்பது வயதைத் தாண்டிய பத்துப் பெண்களைக் கேட்டு வா’ என்று சொல்லி அனுப்பினால் என்ன செய்வான்? திண்ணையில் உட்கார்ந்து சிரித்த முகமாக இருப்பவரிடம் போவான். நாய் கட்டியிருக்கும் வீட்டைத் தாண்டிப் போய்விடுவான். அவன்மேல் குற்றமில்லை, மனிதக் கை அப்படித்தான் தேடும்.

பானையைக் குலுக்குவது

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். கருத்துக் கணிப்பின் முழு நம்பிக்கையும் இந்தப் பழமொழிக்குள் இருக்கிறது, அதன் நிபந்தனையோடு சேர்த்து. சோறு கொதிக்கும்போது தண்ணீரே அரிசியைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறது. மேலே இருந்தது கீழே போகும், கீழே இருந்தது மேலே வரும். அதனால்தான் எந்தச் சோற்றை எடுத்தாலும் பானைக்கே அது சாட்சி. மஞ்சள் மூட்டை அப்படிக் கலக்கப்படுவதில்லை. வாங்க வரும் வியாபாரி மேலாக இருக்கும் விரலியை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்க்கிறார்.

ஊரும் மூட்டை மாதிரிதான். தறிக்காரர்கள் ஒரு பக்கம், தோட்டத்துக்காரர்கள் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், புது மனைப்பிரிவு ஒரு பக்கம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அதை எந்த நெருப்பும் கொதிக்கவைத்துக் கலக்காது. கலக்கும் வேலையைச் செய்வதுதான் சமவாய்ப்புத் தேர்வு. ஒவ்வொரு ஆளுக்கும் சமமான வாய்ப்பு. யார் என்பதைக் கேட்பவரும் முடிவு செய்யக் கூடாது, பதில் சொல்பவரும் முடிவு செய்யக் கூடாது. எண் முடிவு செய்யட்டும்.

இது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த குடவோலை விதிகள் இருக்கின்றன. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்திலிட்டு, குலுக்கி, ஏதும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள். அது கருத்துக் கணிப்பு அல்ல, ஆட்களைத் தெரிவு செய்வது. ஆனால் எடுக்கிற கைக்கு ஆசை இருக்கக் கூடாது என்ற விவரம் அவர்களுக்கு இருந்தது.

நம் வயல்களிலும் இதே முறை நடக்கிறது. காலிங்கராயன் பாசனத்தில் நெல் விளைச்சலைக் கணிக்கப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்ய வரும் அலுவலர், 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தைத் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வயல், அதில் மூலையிலிருந்து எத்தனை தூரம் என்பதைச் சமவாய்ப்பு எண்கள் சொல்கின்றன. பயிர்க் காப்பீட்டுக்கும் அந்தக் கணக்கு அடிப்படையாகிறது. ‘இந்தப் பக்கம் அறுங்க’ என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. இந்தியாவில் மாதிரி ஆய்வை நிலைநாட்டிய மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் பரப்பை இப்படித்தான் அளந்தார். அந்த வழியில் வந்ததே 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு.

எங்கள் குலுக்கல்

பட்டியலாக வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டோம். எல்லாப் பாகங்களையும் வரிசையாக அடுக்கியபோது ஏறத்தாழ 17,200 பெயர்கள். 400 பேர் போதும் என்று தீர்மானித்தோம். 17,200-ஐ 400-ஆல் வகுத்தால் 43. ஒன்று முதல் 43 வரை எண் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, துறை அலுவலகத்துக்குத் தபால் கொண்டுவந்தவரை ஒன்றை எடுக்கச் சொன்னோம். 17 வந்தது. பட்டியலின் 17-ஆவது பெயர், 60, 103, 146 என்று 43 விட்டு 43 எண்ணிக்கொண்டே போனோம். பாகங்கள் தெரு வாரியாக இருப்பதால் ஊரின் எந்தப் பகுதியும் விட்டுப்போகவில்லை.

ஏன் 400? இதைப் பலரும் கேட்டார்கள். கணக்கு இதுதான்: சமவாய்ப்பில் எடுத்த 400 பேரிடம் ஒரு கேள்வி கேட்டால், கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து 5 புள்ளிக்குள் இருக்கும். இப்படி 20 முறை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 19 முறை அந்த வரம்புக்குள் விழும். 1,000 பேர் என்றால் வரம்பு 3 புள்ளி, 2,500 பேர் என்றால் 2, 10,000 பேர் என்றால் 1. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். அதனால்தான் பெரிய கணிப்புகளும் சில ஆயிரம் பேரோடு நிறுத்திக்கொள்கின்றன.

மாணவர்களுக்கு நம்பக் கடினமாக இருந்தது வேறொன்று. எங்கள் 17,200 பேருக்கும் கோயம்புத்தூர் மாநகருக்கும் தமிழ்நாடு முழுவதற்கும், அங்கங்கே சமவாய்ப்பில் எடுத்த 400 பேர் ஏறக்குறைய அதே அளவு துல்லியம் தருவார்கள். நன்றாகக் கலக்கிய ரசம் சொம்பில் இருந்தாலும் கல்யாண அண்டாவில் இருந்தாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டிதானே?

ஆனால் அண்டாவை ருசி பார்த்தவர் பக்கத்துச் சட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. கொங்கு நாட்டார் இதை அனுபவத்திலேயே அறிவோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி 234-இல் 159 இடங்களை வென்றது. ஆனால் கோயம்புத்தூர் மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்கே போயின. மாநிலம் முழுவதும் 2,000 பேரை எடுத்தால், அந்த 10 தொகுதிகளின் பங்குக்கு 85 பேர்தான் வருவார்கள். 85 பேருக்குப் பிழை வரம்பு 10 புள்ளியைத் தாண்டும். மாநிலக் கணிப்பைப் பிடித்துக்கொண்டு ‘கொங்கில் இப்படித்தான்’ என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் வகுத்துப் பார்த்தால் போதும்.

கதவைத் தட்டியபோது

பட்டியல் தயாரானதோடு பாதி வேலை முடிந்தது என்று நினைத்தோம். முதல் வாரக் கடைசியில் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. ஒரு குழு பதில் விழுக்காட்டில் எல்லாரையும் முந்தியிருந்தது. அவர்களுக்கு வீட்டில் ஆளில்லை என்ற தாளே இல்லை. விசாரித்தேன். பூட்டியிருந்த வீடுகளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதியிருந்தார்கள். “ஒரே தெருதானுங்க சார், ஒரே மாதிரிதான் இருப்பாங்க” என்றான் ஒரு பையன்.

நான் கோபப்படவில்லை. இதை முன்பே அழுத்திச் சொல்லாதது என் தவறு. பகலில் வீடு பூட்டியிருப்பவர் வேலைக்குப் போனவர். பகலில் வீட்டில் இருப்பவர் போகாதவர். ஒருவருக்குப் பதில் மற்றவரை எழுதினால், வியாபாரிகளின் நோட்டை நாங்களே வேறு வடிவில் எழுதியதாக ஆகிவிடும். அந்தத் தாள்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி போனோம். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று முறையாவது போவது, அதில் ஒன்று இரவு எட்டரைக்கு மேல், ஒன்று ஞாயிற்றுக்கிழமை என்று விதி வைத்தோம். “பொழுதோட வாங்க” என்றவர்கள் வீட்டுக்குப் பொழுதோடவே போனோம். தறிக் குடோனில் சத்தத்துக்கு நடுவே கேட்க முடியாமல், ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டோம். மூன்று முறையும் கிடைக்காதவரை ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதினோம்; யாரையும் அவர் இடத்தில் போடவில்லை.

ஒரு வீட்டு வாசலில் நானும் ஒரு மாணவியோடு நின்றேன். எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர், முறத்தில் அரப்புத்தூள் சலித்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டக் கேட்டு என்னத்துக்கு அம்மிணி ஆவுது? அக்கட்டால வாத்தியாரூடு இருக்குது. அவரைக் கேளு, வெவரமாச் சொல்லுவாரு.”

“இல்லீங்க ஆத்தா. குலுக்குனதுல உங்க பேருதானுங்க வந்துச்சு. வாத்தியாரு பேரு வரலீங்க.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாஞ் சந்தையிலதான் இதை விக்கறேன். பைபாஸுக்குப் போச்சுன்னா இதைத் தலையில வெச்சுக்கிட்டு எப்புடிப் போவேன்?” என்றார். இத்தனை வருடம் புள்ளியியல் நடத்தியும், சமவாய்ப்பு என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு மரியாதை இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் பட்டது. ஊரில் யாரும் கருத்துக் கேட்காத ஒருவரிடம், உங்களுக்கும் வாத்தியாருக்கும் ஒரே எடை என்று ஓர் எண் போய்ச் சொல்கிறது.

கேள்வியின் சொற்களையும் கவனித்தோம். ‘நெரிசல் இல்லாத இடத்துக்கு மாற்றலாமா’ என்று நோட்டின் தலைப்பில் இருந்தது. அது பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது. ‘சந்தை இப்போதுள்ள இடத்திலேயே இருக்கலாமா, புறவழிச்சாலைக்கு மாறலாமா’ என்று நாங்கள் கேட்டோம். பாதித் தாள்களில் வரிசையைத் திருப்பியும் அச்சிட்டோம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

முடிவு நோட்டுக்கு நேர்மாறாக வந்தது. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றவர்கள், பிழை வரம்பைக் கழித்த பிறகும் பாதிக்கு மேல் இருந்தார்கள். கம்பெனி பஸ் பெண்களிடம் அந்தக் கருத்து ஓங்கியிருந்தது. இரவு இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில், சந்தை கலையும் நேரத்தில் விலை குறைந்த காய்கறியை வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். நெரிசலைக் குறைக்க வழி வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றாகவே இருந்தன. அதையும் அறிக்கையில் எழுதி, பேரூராட்சிக்கும் வியாபாரிகளுக்கும் ஒரே நாளில் கொடுத்தோம்.

இந்த முறையின் எல்லைகளையும் எழுதினோம். பொய் சொல்கிறவரைச் சமவாய்ப்பு உண்மை பேசவைக்காது. வாக்குச் சதவீதத்தை இடங்களாக மாற்றும் கணக்கையும் அது சரிசெய்யாது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்புகள் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, கிடைத்தவை 293. வாக்களித்து வெளியே வருபவர்களில் யார் நின்று பதில் சொல்கிறார், யார் தலையைக் குனிந்துகொண்டு போகிறார் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

எங்கள் பட்டியலிலும் ஓட்டைகள் இருந்தன. இறந்தவர்கள், கட்டிக்கொடுத்து வேறூர் போனவர்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. அவற்றால் தாள் வீணானதே தவிர முடிவு கோணவில்லை. ஆனால் தறிகளிலும் மில்களிலும் வேலை செய்யும் வடமாநிலத்துக்காரர்கள் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லை. சந்தையில் காய் வாங்குகிறவர்களில் அவர்களும் கணிசம். சுற்றுக் கிராமங்களிலிருந்து தக்காளியும் கோழியும் ஆடும் கொண்டுவரும் விவசாயிகள் வேறு பஞ்சாயத்து வாக்காளர்கள். 17,200 பெயருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தேர்வாகும் வாய்ப்பு சுழி. அவர்களைப் பற்றி எங்கள் கணிப்பு ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த சந்தை நாளுக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். மைதானத்துக்கு மூன்று வழிகள். அதிகாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு வழியிலும் இரண்டு மாணவர்கள். சரக்கோடு உள்ளே வருகிறவர்களை ஒருவர் எண்ணுவார், பதினைந்துக்கு ஒருவரை மற்றவர் கேட்பார். எந்த ஆளில் எண்ணத் தொடங்குவது என்பதற்கு மறுபடி சொம்பில் சீட்டுப் போட்டிருக்கிறோம். அந்தப் பாட்டியின் பேரன் வந்து எடுத்துக் கொடுத்தான். 9 வந்திருக்கிறது.